பெயரைக் கேட்டதும் மூடும் கதவு
(மணப்பாறையில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



மணப்பாறை என்றதும் முறுக்கும் மாட்டுச் சந்தையும்தான் நினைவுக்கு வரும். இன்று மொண்டிப்பட்டியில் 2016 முதல் காகித அட்டை ஆலையும் இயங்குகிறது. பிழைப்புத் தேடி வருபவன் முதலில் தேடுவது வாடகைக்கு ஒரு வீடு. அதற்குத் தடைகள் இரண்டு. ஒன்று பணம், மற்றொன்று பெயர்.

2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் தமிழகத்தில் நடைமுறையில் உள்ளது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது சட்டம். ஆனால், இருவரும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் தவிர என்று விதிவிலக்கும் தருகிறது. மனைவி மக்களோடு தெருவில் நிற்பவன் எதற்குத்தான் ஒப்புக்கொள்ள மாட்டான்?

அடுத்தது பெயர். "பாய்க்கு வீடு கொடுப்பதில்லை" என்ற சொல்லைக் கேட்காதவர் நம்மில் எத்தனை பேர்? முஸ்லிம்கள் வீடு பெறப் படும் சிரமத்தை 2006-இல் சச்சார் குழுவே பதிவு செய்தது. அதற்கு முந்தைய ஆண்டு, குஜராத்தின் பார்சி வீட்டுவசதிச் சங்க வழக்கில், தம் சமூகத்தாருக்கே உறுப்பினர் உரிமை என்ற விதி செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். சாசனத்தின் 15(1)-ஆம் பிரிவு அரசைத்தான் கட்டுப்படுத்தும். தனியார் சங்கத்தை அல்ல என்பது அதன் சாரம். நம் வாடகைச் சட்டத்திலும் மதம், சாதி சொல்லி வீடு மறுப்பதைத் தடுக்கும் பிரிவு இல்லை. அதைச் சேர்க்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

கோரிக்கை வைக்கும் நாம் நம்மையும் கேட்டுக்கொள்வோம். தலித் குடும்பம் வந்து வீடு கேட்டால் நம் பதில் என்ன? கணவனை இழந்த சகோதரி கேட்டால்? 'முஸ்லிம்களுக்கு மட்டும்' என்று பலகை மாட்டுபவர், அடுத்தவர் மாட்டும் பலகையைக் கண்டிக்க முடியுமா?

வியாபாரிகளே! முன்பணத்துக்காக வட்டிக்கு வாங்கிவிட்டு, வாடகையோடு வட்டியும் கட்டித் தேய்கின்றன ஏழைக் குடும்பங்கள். பத்துக் கடைக்காரர்கள் ஆளுக்கு 5,000 ரூபாய் போட்டால் 50,000 ரூபாய். ஒரு வீட்டுக்கு முன்பணம் 15,000 என்றால் மூன்று குடும்பங்களுக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கலாம். தவணையாகத் திரும்பி வரும் பணம் நாலாவது குடும்பத்துக்குப் போகும். அந்தக் குடும்பம் எந்த மதம் என்று கேட்காதீர்கள்.

இளைஞர்களே! ஒப்பந்தம் எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுங்கள். கொடுத்த பணத்துக்கு ரசீது வாங்கிக் கொடுங்கள்.

சட்டம் மாற நாளாகலாம். நம் வீட்டுக் கதவைத் திறக்க யாருடைய உத்தரவும் தேவையில்லை.