பழைய டெஸ்க்டாப்பை வெளியே போடும் முன்

(நம் சங்கத்தின் ஞாயிறு மாலைச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். உரைக்குப் பின் கேட்கப்பட்ட சில கேள்விகளும் பதில்களும் இறுதியில் சேர்க்கப்பட்டுள்ளன.)



நம் குடியிருப்பில் பல வீடுகளில் ஒரு டெஸ்க்டாப் இன்னும் இருக்கிறது. பிள்ளைகள் கல்லூரிக்குப் போனபோது வாங்கியது. இப்போது பிள்ளைகள் லேப்டாப்போடு வெளியூரில் இருக்கிறார்கள். டெஸ்க்டாப் பெற்றோரிடம் இருக்கிறது. கரண்ட் பில் கட்டுவது, பேங்க் கணக்கு பார்ப்பது, போட்டோக்களைச் சேர்த்து வைப்பது எல்லாம் அதில்தான். அதனால் "விண்டோஸ் 10 முடிந்துவிட்டதாமே, கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டுமா?" என்ற கேள்வி கொஞ்ச நாளாக லிஃப்டில்கூடக் கேட்கிறது.

பெரும்பாலானவர்களுக்கு என் பதில், மாற்ற வேண்டாம் என்பதுதான். ஆனால் இருப்பதை அப்படியே வைத்துக்கொண்டு பேங்க் வேலை பார்ப்பதும் சரியில்லை. நடுவில் ஒரு வழி இருக்கிறது. ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு இயங்குதளங்களை, அதாவது இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டங்களை வைத்துக்கொள்வது. பழைய வேலைக்குப் பழையது, இணையத்துக்குப் புதியது. இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

என்ன முடிந்தது?

2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10-க்கு, 2025 அக்டோபர் 14-உடன் மைக்ரோசாப்ட் தன் வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-இலும், எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-இலும் இதேதான் நடந்தது. கம்ப்யூட்டர் நின்றுவிடாது. பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் அப்டேட்டுகள் மட்டும் வராது. வாட்ச்மேன் வேலையை விட்டுப் போன பிறகும் கேட் அங்கேயேதான் இருக்கும் அல்லவா, அதுபோல.

விண்டோஸ் 10 வைத்திருக்கும் வீட்டு உபயோகிப்பாளர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டுகள் கிடைக்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். இது மூச்சு விட்டுக்கொள்ளக் கிடைத்த அவகாசம், அவ்வளவுதான்.

"விண்டோஸ் 11-க்கு மாறிவிடலாமே?" என்றால், அங்கேதான் சிக்கல். அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். பொதுவாக இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை ப்ராசஸரோ அதற்குப் பிறகு வந்ததோ வேண்டும். 2012, 2014-இல் வாங்கிய மூன்றாம், நான்காம் தலைமுறை ஐ3, ஐ5 எல்லாம் பட்டியலில் இல்லை. குறுக்கு வழியில் ஏற்றிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஏற்றினால் அப்டேட் வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது என்று மைக்ரோசாப்டே சொல்கிறது.

பழையதை ஏன் வைத்திருக்க வேண்டும்?

சிலருக்குத் தேவையே இல்லை. அவர்கள் முழுக்கப் புதியதற்கு மாறிவிடலாம். ஆனால் மூன்று வகையான ஆட்களுக்குப் பழைய விண்டோஸ் தேவைப்படும்.

ஒன்று, பழைய ஸ்கேனர், பிரின்டர் வைத்திருப்பவர்கள். சாதனம் நன்றாக இருக்கும், ஆனால் அதன் டிரைவர் விண்டோஸ் 7-ஓடு நின்றுபோயிருக்கும்.

இரண்டு, பல வருடக் கணக்கைப் பழைய கணக்கு சாஃப்ட்வேரில் வைத்திருப்பவர்கள்.

மூன்றாவது நம் ஊருக்கே உரியது: பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகள். பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்த கடிதம், உயில் நகல், குடும்ப வரலாறு எதுவாக இருந்தாலும், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். உள்ளே எல்லாம் பத்திரமாக இருக்கிறது. எழுத்துருவையும் கோப்போடு சேர்த்து எடுத்து வையுங்கள். என்ஹெச்எம் கன்வர்ட்டர் போன்ற மென்பொருளால் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஒருமுறை மாற்றிவிட்டால் பிறகு எந்தக் கம்ப்யூட்டரிலும், போனிலும் படிக்கலாம்.

மூன்று வழிகள்

முதல் வழி, இரண்டு டிஸ்க். பழைய ஹார்டு டிஸ்க்கை அப்படியே விட்டுவிட்டு, சின்னதாக ஒரு சாட்டா எஸ்எஸ்டி வாங்கிப் புதிய இயங்குதளத்தை அதில் நிறுவுவது. நிறுவும்போது பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட வேண்டும். அப்போது அதில் உள்ளது தவறியும் அழியாது. முடிந்ததும் மாட்டிவிட்டு, ஸ்விட்ச் போட்டவுடன் எஃப்12 அல்லது எஃப்11, எஃப்8, எஸ்கேப் (போர்டுக்குப் போர்டு மாறும்) அழுத்தினால் எந்த டிஸ்க்கில் தொடங்க வேண்டும் என்று கேட்கும். வீட்டுக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான். எஸ்எஸ்டி போட்டாலே பழைய கம்ப்யூட்டரின் வேகம் நன்றாகத் தெரியும்படி கூடும் என்பது உபரி லாபம்.

இரண்டாவது வழி, ஒரே டிஸ்க்கைப் பிரிப்பது. ஒரே வீட்டில் இரண்டு போர்ஷன் மாதிரி. வாசல் ஒன்று, உள்ளே போனதும் எந்தப் போர்ஷன் என்று கேட்கும். செலவே இல்லை. ஆனால் டிஸ்க் பழுதானால் இரண்டு போர்ஷனும் சேர்ந்தே போகும்.

மூன்றாவது வழி, வர்ச்சுவல் மெஷின். புதிய இயங்குதளத்துக்குள் ஒரு ஜன்னல் போலப் பழையதை ஓட்டுவது. ஆரக்கிள் நிறுவனத்தின் வர்ச்சுவல்பாக்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது. ரீஸ்டார்ட் செய்யாமலே இரண்டையும் பார்க்கலாம். ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் ரேமைப் பங்கு போடும். 8 ஜிபி ரேம் இல்லாவிட்டால் இரண்டுமே திணறும்.

எதை நிறுவுவது?

பழைய கம்ப்யூட்டருக்கு இணைய வேலைக்கு நான் சொல்வது லினக்ஸ் மின்ட். இலவசம். விண்டோஸில் பழகியவர்களுக்கு அதன் தோற்றம் அந்நியமாக இருக்காது. குறைந்தது 2 ஜிபி ரேம், வசதியாக ஓட 4 ஜிபி என்று அவர்களே சொல்கிறார்கள். எக்ஸ்எஃப்சிஇ என்ற பதிப்பு இன்னும் இலகுவானது. மின்ட் 22-க்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. பயர்பாக்ஸ், லிப்ரே ஆபீஸ் கூடவே வரும். தமிழ்99 விசைப்பலகையும் சேர்த்துக்கொள்ளலாம்.

முக்கியமான விஷயம், நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். ஒரு நாள் பென்டிரைவில் ஓட்டி வைஃபை, சவுண்ட், பிரின்டர் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தொடங்கும் முன் நான்கு வேலைகள்

1. பேக்கப். போட்டோ, ஆவணம், கணக்கு எல்லாவற்றையும் வெளி ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுங்கள். எடுத்ததை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

2. பிட்லாக்கர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் 48 இலக்க ரெகவரி கீயைத் தாளில் எழுதி வையுங்கள். தொடங்கும் முறையை மாற்றியதும் அதைக் கேட்கும். இல்லையென்றால் உங்கள் கோப்பு உங்களுக்கே திறக்காது.

3. விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து, பயாஸ் மோட் என்ற இடத்தில் லெகசியா யூஇஎஃப்ஐயா என்று பாருங்கள். இரண்டாவது இயங்குதளத்தையும் அதே முறையில் நிறுவ வேண்டும். இதைக் கவனிக்காததால்தான் பல இடங்களில் "ஒன்று வருகிறது, இன்னொன்று காணோம்" என்ற கதை.

4. யூபிஎஸ் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். டிஸ்க்கைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் எல்லாமே போகலாம்.

நிறுவும்போது

வரிசை முக்கியம். இரண்டு விண்டோஸ் என்றால் பழையது முதலில், புதியது அடுத்து, லினக்ஸ் கடைசியில். பழைய விண்டோஸுக்குத் தனக்குப் பின்னால் வந்தவற்றைத் தெரியாது. கடைசியாக அதை நிறுவினால் வாசலைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளும். லினக்ஸ் அப்படியில்லை. ஏற்கெனவே இருப்பவற்றைத் தேடி எடுத்து, தொடங்கும்போது பட்டியலாகக் காட்டும். ஒவ்வொரு விண்டோஸுக்கும் தனித்தனி லைசென்ஸ் வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒரே டிஸ்க்கில் செய்தால், விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் ஷ்ரிங்க் வால்யூம் கொடுத்து முதலில் இடத்தைக் காலி செய்யுங்கள். பிறகு மின்ட் நிறுவும்போது இரண்டு தேர்வுகள் அருகருகே வரும். ஒன்று, விண்டோஸுடன் சேர்த்து நிறுவுவது. மற்றொன்று எரேஸ் டிஸ்க், அதாவது டிஸ்க் முழுவதையும் அழித்துவிட்டு நிறுவுவது. இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளிதான். கடைக்காரப் பையன் வந்து செய்தாலும் அந்த இடத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

பிறகு வரும் சின்னத் தொல்லைகள்

கடிகாரம். விண்டோஸ் கம்ப்யூட்டரின் உள்கடிகாரத்தில் நம் ஊர் நேரத்தை வைக்கும். லினக்ஸ் அதை உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்ளும். அதனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது சரியாக ஐந்தரை மணி நேரம் தள்ளிக் காட்டலாம். லினக்ஸில் ஒரே ஒரு அமைப்பை மாற்றினால் சரியாகிவிடும். தினமும் தேதியே பல வருடம் பின்னால் போனால் அது வேறு விஷயம். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். தேதி தப்பாக இருந்தால் பேங்க் தளங்கள்கூட "பாதுகாப்பற்றது" என்று சொல்லித் திறக்க மறுக்கும்.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸ் 8 முதல் ஷட்டவுன் கொடுத்தாலும் அது முழுக்கத் தூங்குவதில்லை, பாதி விழித்தே இருக்கும். அந்த நிலையில் இன்னொரு இயங்குதளத்திலிருந்து அதே டிஸ்க்கில் எழுதினால் கோப்புகள் கெடலாம். பவர் ஆப்ஷன்ஸில் இதை அணைத்துவிடுங்கள்.

எந்தப் பக்கம் எந்த வேலை

இவ்வளவும் செய்துவிட்டு, பழக்க தோஷத்தில் பழைய விண்டோஸ் 7-இலேயே பேங்க் தளத்தைத் திறந்தால் பிரயோஜனமே இல்லை. அங்கே குரோம் 2023 தொடக்கத்தில் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது.

விதி எளிது. பணம், மெயில், ஓடிபி சம்பந்தப்பட்டது எல்லாம் புதிய பக்கம். ஸ்கேனர், பழைய கணக்கு, பழைய கோப்பு எல்லாம் பழைய பக்கம். பழைய பக்கத்தில் நெட்வொர்க்கை டிஸேபிள் செய்துவிடுங்கள். வீட்டில் பெரியவர்கள் தனியாக இருந்தால், எதுவும் அழுத்தாவிட்டால் தானாகவே புதிய பக்கம் திறக்கும்படி வைத்துவிடுங்கள். ஒரு தாளில் பெரிய எழுத்தில் இந்த இரண்டு வரியையும் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டுங்கள். யாராவது போன் செய்து "உங்கள் விண்டோஸ் காலாவதியாகிவிட்டது, நான் சரி செய்கிறேன், இந்த ஆப்பை ஏற்றுங்கள்" என்றால் பேசாமல் வைத்துவிட வேண்டும் என்பது மூன்றாவது வரி. மைக்ரோசாப்ட் அப்படித் தானாக யாருக்கும் போன் செய்வதில்லை.

கேள்விகள்

*டேலி லினக்ஸில் ஓடுமா?*
அது விண்டோஸுக்கானது. விண்டோஸ் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி வேலைக்கு இணையத்தோடு சேர்த்து ஓட்ட வேண்டியவர்கள், தொழில் நடத்துபவர்கள், விண்டோஸ் 11 ஏற்கும் கம்ப்யூட்டருக்கு மாறுவதே சரி. எல்லோருக்கும் இந்த வழி பொருந்தும் என்று நான் சொல்லவில்லை.

*லினக்ஸில் நெட் பேங்கிங் பாதுகாப்பானதா?*
அதே தளம், அதே பிரவுசர்தான். அப்டேட்டை ஒழுங்காகப் போட்டு, முகவரியைச் சரிபார்த்து உள்ளே போனால் பயமில்லை. ஓடிபியை யாரிடமாவது சொன்னால் எந்த இயங்குதளமும் காப்பாற்றாது.

*என்னிடம் 2 ஜிபி ரேம்தான் இருக்கிறது, போதுமா அண்ணா?*
தொடங்கும், ஆனால் பிரவுசரில் நான்கு பக்கம் திறந்தால் இழுக்கும். அந்தக் காலத்து மெஷின்களில் பெரும்பாலும் டிடிஆர்3 ரேம் இருக்கும். போர்டில் இடம் இருந்தால் இன்னொன்று போட்டு 4 அல்லது 8 ஆக்குங்கள். ப்ராசஸர் 64 பிட்டாக இருக்க வேண்டும் என்பதையும் பாருங்கள்.

*மெஷின் நிஜமாகவே செத்துவிட்டால்?*
காயலான் கடைக்கு வேண்டாம். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு மேலாண்மை விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போக வேண்டும். கொடுக்கும் முன் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஃபார்மேட் செய்த டிஸ்க்கிலிருந்தும் படங்களை மீட்க முடியும்.

செய்து பார்க்க நினைப்பவர்கள் முதலில் பேக்கப் எடுத்துவிட்டு, சங்க அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். பென்டிரைவில் மின்ட் போட்டுத் தர நான் தயார். பேக்கப் எடுக்காதவர்கள் வந்தால், முதல் வேலையாக அதைத்தான் செய்வோம்.