கணக்கும் அமானிதமும்
ஆக்சுவரியல் – பொருளியல் கூட்டுப் பட்டக் கல்வி குறித்து ஓர் உரை

(நமது ஜமாஅத்தின் மாணவர் பரிசளிப்பு விழாவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. நம் பிள்ளைகள் கணிதத்தில் உயர்ந்த மதிப்பெண் பெற்றால், பொறியியல், கணினி என்ற இரண்டு வாசல்களையே நாம் அவர்களுக்குக் காட்டி வருகிறோம். மூன்றாவது வாசல் ஒன்றை அறிமுகப்படுத்தவே இங்கு நிற்கின்றேன். அதுதான் ஆக்சுவரியல் கல்வியையும் பொருளியலையும் ஒருங்கே பயிலும் கூட்டுப் பட்டம்.

ஆக்சுவரி என்பவர் யார்? ஒரு மனிதர் எப்போது இறப்பார் என்பதை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. ஆயினும், ஆயிரக்கணக்கானோர் வாழும் ஊரில் ஓராண்டில் ஏறத்தாழ எத்தனை பேர் மறைவர் என்பதைப் பழைய பதிவேடுகளைக் கொண்டு மதிப்பிடலாம். வானியல் அறிஞர் எட்மண்ட் ஹாலி, பிரெஸ்லாவ் நகரின் பிறப்பு, இறப்புப் பதிவுகளைக் கொண்டு 1693-இல் அத்தகைய அட்டவணையை வெளியிட்டார். இவ்வாறு இறப்பு, நோய், விபத்து, முதுமை ஆகியவற்றால் வரக்கூடிய செலவை முன்கூட்டியே கணித்து, இன்று எவ்வளவு சேர்த்தால் நாளை கொடுத்த வாக்கைக் காப்பாற்றலாம் என்று சொல்பவரே ஆக்சுவரி.

இக்கலையின் தொடக்க கால வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி நம் போன்ற ஜமாஅத்தினர் சிந்திக்க வேண்டியதாகும். ஸ்காட்லாந்துத் திருச்சபையின் போதகர்கள் இறந்தால், அவர்தம் விதவைகளும் எத்தீம்களும் ஆதரவின்றித் தவித்தனர். ராபர்ட் வாலஸ், அலெக்சாண்டர் வெப்ஸ்டர் என்னும் இரு போதகர்கள், கணிதப் பேராசிரியர் காலின் மெக்லாரினின் துணையுடன் 1744-இல் ஒரு நிதியை நிறுவினர். அவர்கள் முதலில் செய்தது கணக்கெடுப்பு. ஏறத்தாழ 930 போதகர்களுள் ஆண்டுக்கு 27 பேர் மறைவர், அவர்களுள் 18 பேருக்கு விதவையர் இருப்பர் என்று கண்டறிந்து, அதற்கேற்பச் சந்தாவை நிர்ணயித்தனர். 1765-இல் நிதியின் இருப்பு 58,348 பவுண்டாக இருக்கும் என்பது அவர்கள் கணிப்பு. உண்மையான இருப்பு அதற்கு ஒரே ஒரு பவுண்டு குறைவாக இருந்ததெனக் கூறுவர். இரக்கம் உள்ளத்தில் இருந்தால் மட்டும் போதாது, அதற்குக் கணக்கும் துணை நிற்க வேண்டும் என்பதே இதன் படிப்பினை.

அப்படியாயின் பொருளியல் எதற்கு? அதற்கும் வரலாறே விடை கூறுகின்றது. வயதுக்கேற்பச் சந்தா வாங்கும் முறையை அறிவியல் அடிப்படையில் கொண்டுவந்த ஈக்விட்டபிள் லைஃப் சங்கம் 1762-இல் லண்டனில் தோன்றியது. அது உறுப்பினர்களுக்கே சொந்தமானது. 1957 முதல் 1988 வரை அச்சங்கம் ஓய்வூதியத்திற்குக் குறிப்பிட்ட விகிதத்தை உறுதியளித்து ஒப்பந்தங்களை விற்றது. பின்னர் வட்டி விகிதம் சரிந்தது. மக்களின் ஆயுளும் நீண்டது. உறுதிமொழி தாங்கவொண்ணாச் சுமையாயிற்று. 2000-ஆம் ஆண்டு ஜூலையில் பிரிட்டனின் பிரபுக்கள் சபை சங்கத்திற்கு எதிராகத் தீர்ப்பளிக்க, டிசம்பரில் அது புதிய உறுப்பினர்களைச் சேர்ப்பதையே நிறுத்தியது. 238 ஆண்டுப் பாரம்பரியமும் அதைக் காக்கவில்லை. ஆயுள் கணக்கைத் தனியாகவும் நாட்டின் பொருளாதாரப் போக்கைத் தனியாகவும் பார்த்தல் எத்துணை ஆபத்தானது என்பதை இது காட்டுகின்றது. கூட்டுப் பட்டம் இவ்விரு பார்வைகளையும் ஒரே மாணவரிடம் சேர்க்கின்றது.

ஆஸ்திரேலியாவில் இக்கல்வி நன்கு வேரூன்றியுள்ளது. கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகம் இவ்விரு பட்டங்களையும் நான்கு ஆண்டுகளில் சேர்த்துப் பயில வழி செய்துள்ளது. நிகழ்தகவு, புள்ளியியல், நிதிக் கணிதம், ஆயுள் கணிப்பு ஆகியவை ஒருபுறம்; விலைவாசி, வேலைவாய்ப்பு, சந்தையில் மனிதர் நடந்துகொள்ளும் முறை ஆகியவை மறுபுறம். குறித்த தரத்தில் தேறியோர்க்கு அந்நாட்டு ஆக்சுவரிகள் அமைப்பின் அடிப்படைத் தாள்களிலிருந்து விலக்கும் கிடைக்கின்றது.

ஆனால், வெளிநாட்டுக் கட்டணம் நம்மில் பெரும்பாலோர்க்கு எட்டாதது. அதற்காக வட்டிக் கடனில் இறங்க வேண்டாம். நம் நாட்டிலேயே வழி உண்டு. ஆக்சுவரிகள் சட்டம் 2006-இன்படி அமைந்த இந்திய ஆக்சுவரிகள் நிறுவனம், 12-ஆம் வகுப்பு முடித்தோர்க்கு நுழைவுத் தேர்வு நடத்துகின்றது. அதில் தேறியவர் அருகிலுள்ள கல்லூரியில் பொருளியலோ புள்ளியியலோ பயின்றுகொண்டே நிறுவனத்தின் தாள்களை ஒவ்வொன்றாக எழுதலாம். அத்தாள்களுள் பொருளியலும் ஒன்று. முழுத் தகுதி பெறப் பல ஆண்டுகள் ஆகும்; தாள்களில் தோல்வியும் நேரும். பொறுமையுடையோர்க்கே இத்துறை.

"காப்பீட்டில் வட்டியும் நிச்சயமின்மையும் கலந்துள்ளனவே, இது நமக்கு ஆகுமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1985-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, வணிகக் காப்பீட்டை ஏற்கவில்லை. பரஸ்பர உதவியின் அடிப்படையிலான கூட்டுறவுக் காப்பீட்டையே மாற்றாக முன்வைத்தது. அவ்வடிப்படையிலான தகாஃபுல் நிறுவனம் சூடானில் 1979-இலேயே தோன்றியிருந்தது. மலேசியா 1984-இல் தனிச் சட்டம் இயற்றி, 2013-இல் அதனைப் புதிய சட்டத்தால் மாற்றியமைத்தது. தகாஃபுலுக்கும் கணிப்பாளர் தேவை. ஓய்வூதியம், பொதுச் சுகாதாரம், பேரிடர் நிதி ஆகிய துறைகளிலும் இக்கல்விக்கு இடமுண்டு. எப்பணியை ஏற்பது, எதை விலக்குவது என்பதை மாணவர்கள் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறட்டும். ஐயத்தைக் காரணம் காட்டிக் கல்வியையே கைவிட வேண்டாம்.

பெரியோர்களே! பைத்துல்மாலிலிருந்து விதவையர்க்கு மாதாந்திர உதவி அளிக்க விரும்பும் எந்த ஜமாஅத்தும், "இன்னும் பத்தாண்டுகள் கழித்தும் இதே தொகையை அளிக்க முடியுமா? அன்றைய விலைவாசியில் அது எத்தனை நாள் அடுப்பெரிக்கும்?" என்று கேட்டாக வேண்டும். முதற்கேள்வி ஆக்சுவரியலுடையது. இரண்டாவது பொருளியலுடையது. விடை சொல்ல நம் மஹல்லாவிலேயே ஒருவர் உருவாக வேண்டும். ஏழு செழிப்பான ஆண்டுகளின் விளைச்சலை ஏழு பஞ்ச ஆண்டுகளுக்காகச் சேமித்து மிஸ்ரு நாட்டைக் காத்த யூஸுஃப் நபி (அலை) அவர்களின் வரலாற்றை ஓதும் சமுதாயம் நாம். திட்டமிடுதல் தவக்குலுக்கு முரணன்று.

ஆகவே, கணிதத்தில் ஆர்வமுள்ள ஆண், பெண் பிள்ளைகளைக் கண்டறிந்து, அவர்களுள் வசதியற்றோரின் தேர்வுக் கட்டணத்தையேனும் ஜமாஅத் ஏற்றுக்கொள்ள வேண்டுமென வேண்டி அமர்கின்றேன். வல்ல நாயன் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.