டாக்டர்கள் மாநாட்டில் ஒரு பாலாடை

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



"நர்ஸம்மா, குழந்தைகளைப் பத்தி ஏதாவது பேசுங்க" என்று செயலாளர் சொன்னார். ஏதாவது என்று ஆரம்பித்தால் நான் சாயந்திரம் வரைக்கும் பேசுவேன். இருபத்தாறு வருஷம் பச்சிளங்குழந்தைகள் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள். அதனால் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். ரிட்டயர் ஆவதற்கு முன்னால், பிறந்த குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர்களின் ஆண்டு மாநாட்டுக்குப் போய்வந்தேன். அங்கே பார்த்ததில் நம்ம குழுக்களுக்கு எது உபயோகமோ அதை மட்டும் சொல்கிறேன்.

இந்த டாக்டர்களுக்கு அகில இந்திய அளவில் ஒரு சங்கம் இருக்கிறது. தேசிய பச்சிளங்குழந்தை மருத்துவ மன்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1980-ல் ஆரம்பித்தது. நமக்குக் கூட்டமைப்பு மாதிரி அவர்களுக்கு மன்றம், மாநிலக் கிளைகளும் உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை கூடுவார்கள். நியோகான் என்று பெயர். நான் போனது தமிழ்நாட்டுக் கிளை கூட்டிய மாநாடு. எங்கள் வார்டு டாக்டரம்மா, "சிஸ்டர், நீங்களும் வாங்க, நர்ஸுங்களுக்கும் பயிற்சி வகுப்பு இருக்கு" என்று கூட்டிக்கொண்டு போனார்கள்.

உள்ளே நுழைந்தால் கல்யாண மண்டபம் மாதிரி இருக்கிறது. கழுத்தில் அட்டை, கையில் பை, காபி. இரண்டு பக்கமும் ஸ்டால். வார்மர், மூச்சுக் கருவி, மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கு, நரம்பில் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் பம்ப். ஒரு மிஷின் என்ன விலை என்று கேட்டேன். அந்தப் பையன் சொன்ன விலையில் நம்ம பத்துக் குழுக்களின் மொத்தச் சேமிப்பும் போய்விடும். மிஷின் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதுகள் இல்லாமல் ஒன்றரைக் கிலோ, ஒரு கிலோக் குழந்தையை எல்லாம் காப்பாற்ற முடியாது. அதைக் கையால் தொட்டு வேலை செய்தவள் நான்.

ஆனால் பெரிய ஹாலில் திரையில் வந்த படங்களைப் பார்க்கப் பார்க்கத்தான் எனக்கு ஆச்சரியம். எடை குறைந்த குழந்தைக்குப் பால் புகட்டுவது பற்றி ஒரு டாக்டர் பேசினார். பேச்செல்லாம் இங்கிலீஷ். நடுவிலே "பாலாடை" என்று காதில் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். திரையில் நம்ம பாலாடை! மூக்கு வைத்த சங்கு மாதிரி இருக்குமே, பாட்டிமார் மடியில் குழந்தையைப் போட்டுக்கொண்டு புகட்டுவார்களே, அதே பாலாடை. தாயின் மார்பில் உறிஞ்சிக் குடிக்க இன்னும் பலம் வராத குழந்தைக்குக் கறந்த தாய்ப்பாலைக் கிண்ணத்திலோ பாலாடையிலோ கரண்டியிலோ கொடுக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனமே 2011-ல் எழுதியிருக்கிறது. அந்த ஏட்டில் பாலாடைக்கு வேறு பெயர் வைக்கவில்லை. தமிழ்ப் பெயரையே இங்கிலீஷ் எழுத்தில் போட்டு, "மூக்கு வைத்த கிண்ணம்" என்று விளக்கம் கொடுத்திருக்கிறார்கள்.

பாலாடை சரி என்றதும் பாட்டி சொன்னதெல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ளாதீங்க. அங்கேதான் நான் கொஞ்சம் கறாராக நிற்பேன். பாலாடை சரி, அதில் ஊற்றுகிற சர்க்கரைத் தண்ணி தப்பு. நம்ம தெருக்களில் கழுதையை ஓட்டிக்கொண்டு வந்து, வாசலிலேயே கறந்து, ஒரு சங்கு இவ்வளவு ரூபாய் என்று கொடுக்கிறார்களே, அது தப்பு. காய்ச்சாத பால், கழுவாத கை, பிறந்து பத்து நாள் ஆன குடல். தொப்புளில் பவுடர், மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவது, தொக்கம் எடுப்பது எல்லாம் தப்பு. ஆறு மாசத்துக்குத் தாய்ப்பால் மட்டும்; டாக்டர் எழுதிய சொட்டு மருந்து இருந்தால் அது. பாலாடையையும் ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கழுவி, கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுக்கணும். மூக்குப் பக்கம் பால் காய்ந்து ஒட்டியிருக்கும், விரல் விட்டுத் தேய்க்கணும். அம்மாவுக்கே பால் வராவிட்டால்? எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி மாதிரி இடங்களில் தாய்ப்பால் வங்கி இருக்கிறது. நம்ம நாட்டின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-ல் பம்பாய் சயான் ஆஸ்பத்திரியில் ஆரம்பித்தது. ஆரம்பித்தவர் ஒரு பெண் டாக்டர், அர்மிடா பெர்னாண்டஸ்.

அடுத்து வந்தது கங்காரு முறை. வார்டில் நாங்கள் வருஷக்கணக்காகச் செய்வதுதான். குழந்தைக்குத் தொப்பியும் டயபரும் மட்டும் போட்டு, அம்மாவின் வெறும் மார்பில் நிமிர்த்தி வைத்துத் துணியால் கட்டிவிடுவது. 1978-ல் தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டில், பொகோட்டா நகரத்து ஆஸ்பத்திரியில் ஆரம்பித்தது. அங்கே இன்குபேட்டர் போதவில்லை, ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தை கிடந்தது, தொற்று பரவியது. எட்கார் ரே என்கிற டாக்டர் குழந்தைகளை அம்மாக்களிடமே கொடுத்தார். ரொம்ப நாள் வரைக்கும், மிஷின் இல்லாத ஏழை ஊருக்கு இது பரவாயில்லை என்றுதான் பலரும் நினைத்தார்கள். குழந்தை தேறிய பிறகு கொடுக்கலாம் என்றுதான் நாங்களும் படித்தோம்.

2021-ல் வந்த ஆராய்ச்சி அதைப் புரட்டிப் போட்டது. இந்தியாவிலும் நாலு ஆப்பிரிக்க நாடுகளிலும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள், ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்தவர்கள். இந்தியாவில் நடந்தது டில்லி சப்தர்ஜங் ஆஸ்பத்திரியில். பாதிப் பேரை வழக்கம்போல வார்மரில் வைத்துத் தேறியதும் அம்மாவிடம் கொடுத்தார்கள். மீதிப் பேரைப் பிறந்த உடனேயே அம்மாவின் மார்பில் வைத்தார்கள். அம்மாவுக்கு முடியாத நேரம் பாட்டியோ அத்தையோ. முதல் கூட்டத்தில் நூற்றுக்குப் பதினாறு குழந்தை போனது, இரண்டாவதில் பன்னிரண்டு. வித்தியாசம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகு ஆராய்ச்சியைத் தொடர்வது நியாயமில்லை என்று பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். 2022-ல் உலக சுகாதார நிறுவனம், குறைமாதக் குழந்தைக்குப் பிறந்த உடனே கங்காரு முறை என்று சொல்லிவிட்டது.

"அம்மா படுத்துக் கிடக்கா, குழந்தையை வேற அவ மேல போடணுமா" என்று கேட்கிற மாமியார்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு நாளைக்குப் பதினாறு மணி, பதினேழு மணி நேரம் ஒரு பெண் அப்படி உட்காரணும் என்றால் வீட்டில் யார் சமைப்பது, மூத்த பிள்ளையை யார் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது? அவள் மார்பில் குழந்தை இருக்கும்போது அடுப்பில் வேறொருத்தி நிற்கணும். டாக்டர் சீட்டில் இதை எழுதிக் கொடுக்க முடியாது. பக்கத்து வீட்டிலிருந்து சோறு போகணும்.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வந்துவிட்டேன். இரண்டாம் நாள் மத்தியானம், சாப்பாட்டுக்கு அப்புறம், பாதி ஹால் காலி. மேடையில் பேசியவர் மகளிர் குழுக்களைப் பற்றிப் பேசினார். தூக்கம் எனக்குப் போய்விட்டது. ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் பழங்குடி கிராமங்களில் எக்ஜுட் என்று ஒரு அமைப்பு, 2005-லிருந்து மூன்று வருஷம் செய்த வேலை. மாசம் ஒரு தடவை பெண்கள் கூடுவார்கள். ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த குழுக்களும் அதில் உண்டு. கூட்டத்தை நடத்துவது டாக்டரோ நர்ஸோ இல்லை, அந்த வட்டாரத்துப் பெண் ஒருத்தி. படம் காட்டுவாள், கதை சொல்லுவாள். "போன வருஷம் நம்ம ஊரில் எந்தக் குழந்தை செத்தது? ஏன்?" என்று அவர்களையே பேசவைப்பாள். என்ன செய்யலாம் என்று அவர்களே முடிவு செய்வார்கள். மருந்து கொடுக்கவில்லை, மிஷின் கொடுக்கவில்லை. அப்படிக் குழு நடந்த ஊர்களில், குழு இல்லாத ஊர்களைவிடப் பச்சிளங்குழந்தை மரணம் 32 சதவீதம் குறைவு. கடைசி இரண்டு வருஷத்தில் 45 சதவீதம். 2010-ல் லான்செட் என்கிற பெரிய மருத்துவப் பத்திரிகையில் வந்தது. அதற்கு முன்பே 2004-ல் நேபாளத்து மலை கிராமங்களிலும் இதே மாதிரி 30 சதவீதம் குறைந்திருக்கிறது. இவ்வளவு நேரம் பார்த்த மிஷின் ஸ்டால்களை நினைத்துக்கொண்டேன்.

அது அப்படியே குரோம்பேட்டைக்குப் பொருந்தாது. அங்கே பெரும்பாலும் வீட்டுப் பிரசவம். கை கழுவுவது, சுத்தமான பிளேடு, காய்ச்சிய நூல் என்பதிலேயே உயிர்கள் தப்பின. நம்ம பக்கம் பிரசவம் எல்லாம் ஆஸ்பத்திரியில்தான். 2020 கணக்குப்படி ஆயிரம் குழந்தை பிறந்தால் முதல் இருபத்தெட்டு நாளில் இறப்பது இந்தியாவில் 20, தமிழ்நாட்டில் 9. நல்ல கணக்குத்தான். ஆனால் முதல் பிறந்தநாளுக்குள் தமிழ்நாட்டில் போகிற 13-ல் 9 அந்த முதல் மாசத்திலேயே போகிறது. நம்ம ஓட்டை டிஸ்சார்ஜுக்கு அப்புறம். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் கொடுத்து, டியூபில் பால் கொடுத்துத் தேற்றிய குழந்தை, 1.6 கிலோவில் வீட்டுக்கு வருகிறது. அப்புறம் அதைப் பார்ப்பது யார்? நாமதான்.

நாகல்கேணியில் நடந்தது ஒன்று. பேர் வேண்டாம், அந்தத் தாய் இங்கேயே எங்கேயோ உட்கார்ந்திருக்கலாம். குழந்தை 1,350 கிராம். டிஸ்சார்ஜ் சீட்டில் கண் பரிசோதனைக்கு ஒரு தேதி போட்டிருந்தார்கள். எழும்பூர் கண் ஆஸ்பத்திரி. வீட்டில், "கண்ணு நல்லாத்தானே முழிச்சுப் பாக்குது, எதுக்கு அலைச்சல்" என்றார்கள். கணவருக்குத் தோல் ஷெட்டில் வேலை, ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போச்சு. குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் கண்ணுக்குள்ளே விழித்திரை இரத்தக் குழாய்கள் முழுசாக வளர்ந்திருக்காது. வெளியே வந்த பிறகு தாறுமாறாக வளர ஆரம்பிக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது, தாயின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் சிரிக்கும். தெரிய வரும்போது கை மீறியிருக்கும். இரண்டு கிலோவுக்குக் கீழே, அல்லது முப்பத்துநாலு வாரத்துக்கு முன்னால் பிறந்த குழந்தைக்கு முப்பது நாளுக்குள் முதல் கண் பரிசோதனை கட்டாயம். அன்றைக்குக் குழு உறுப்பினர் இரண்டு பேர் அவளைக் கூட்டிக்கொண்டு எலக்ட்ரிக் ட்ரெயினில் போனார்கள். குழந்தை புடவைக்குள்ளே, மார்போடு. பார்த்த டாக்டர் இரண்டு நாளில் லேசர் வைத்தார். இப்போது அது யூ.கே.ஜி. படிக்கிறது, கண்ணாடி போட்டுக்கொண்டு.

எல்லாக் கதையும் இப்படி முடியவில்லை. இன்னொரு தெருவில் பதினோரு நாள் குழந்தை, சாயந்திரத்திலிருந்து பால் குடிக்கவில்லை. துவண்டு கிடந்தது. கையில் காசில்லை, காலையில் பார்க்கலாம் என்று இருந்தார்கள். விடியவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைக்கு வைத்தியம் இலவசம். 108-க்குப் போன் போட்டால் வண்டியும் இலவசம். பச்சிளங்குழந்தைக்கென்றே தனி ஆம்புலன்ஸ்கூட உண்டு. அந்த வீட்டில் யாருக்கும் அது தெரியாமல் இல்லை. தெரிந்தும், ஆஸ்பத்திரியில் தங்கினால் சாப்பாட்டுக்கு, ஆட்டோவுக்கு, வெளியே வாங்கச் சொன்னால் அதுக்கு என்று கையில் இரண்டாயிரமாவது வேணும் என்ற பயம். அந்தத் தாயின் மாமியார் ஒரு குழு உறுப்பினர். குழுவில் அன்றைக்குப் பணம் இருந்தது. ஆனால் உள்கடன் வாங்கக் கூட்டம் கூடணும், தீர்மானம் எழுதணும், எல்லாரும் கையெழுத்துப் போடணும். அடுத்த கூட்டம் ஞாயிற்றுக்கிழமை.

அதனால் இந்த மேடையில் ஒன்றைக் கேட்கிறேன். முப்பது நாளுக்குள் இருக்கும் குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால், மூவாயிரம் ரூபாய் வரைக்கும் ஊக்குநரும் பிரதிநிதியும் சேர்ந்து அன்றைக்கே, ராத்திரி பன்னிரண்டு மணியானாலும் கொடுக்கலாம், தீர்மானம் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு குழுவும் முன்கூட்டியே ஒரு தீர்மானம் போடணும். பணத்துக்குக் கணக்கு முக்கியம் என்று பொருளாளர் சொல்வார். சரிதான். மூவாயிரம் திரும்பி வராமல் போன குழு ஒன்று இருந்தால் காட்டுங்க, நான் கட்டுகிறேன்.

எப்போது ஓடணும் என்று கேட்பீர்கள். பால் குடிக்காமல் இருந்தால், அல்லது குடிப்பதைச் சட்டென்று குறைத்தால். தொட்டாலும் அசையாமல் துவண்டு கிடந்தால். வலிப்பு வந்தால். நிமிஷத்துக்கு அறுபது மூச்சோ அதற்கு மேலோ வாங்கினால்; தூங்கும்போது வயிற்றைப் பார்த்து, ஒரு முழு நிமிஷம் எண்ணுங்க. மூச்சு விடும்போது மார்புக்கூடு உள்ளே இழுத்தால். உடம்பு சுட்டால், அதேபோல உள்ளங்காலும் வயிறும் ஜில்லென்று இருந்தால். பிறந்த முதல் நாளிலேயே மஞ்சள் தெரிந்தால், எப்போதானாலும் உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்கினால். இதில் ஒன்று இருந்தாலும் காலை வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

தலைவி அக்கா கடிகாரத்தைப் பார்க்கிறார்கள், முடித்துக்கொள்கிறேன். வெளியே மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். உங்கள் தெருவில் இப்போது மாசமாக இருக்கிறவர்கள், போன மாசம் பிரசவம் ஆனவர்கள், எடை குறைவாகப் பிறந்த குழந்தை, கண் பரிசோதனைக்குப் போட்ட தேதி எல்லாவற்றையும் குழு வாரியாக எழுதிவிட்டுச் சாப்பிடப் போங்க. பக்கத்திலேயே நாலு பாலாடையும் இருக்கிறது. ஜி.எஸ்.டி. ரோட்டுப் பாத்திரக்கடையில் வாங்கினேன். கழுவுவது எப்படி என்று கேட்கிறவர்களுக்குக் காட்டுகிறேன்.