எபிசோடு 31: டிஸ்க் நிறைஞ்சு போச்சா, இல்ல பூட்டி வச்சிருக்கா?

(பேசியதைக் கொஞ்சம் சுருக்கி எழுத்தாக்கியது. கமாண்டுகளை வாயால் சொன்ன மாதிரியே எழுதியிருக்கிறோம்.)

இன்னைக்கு எல்விஎம், அதாவது லாஜிக்கல் வால்யூம் மேனேஜர். பேருதான் பெருசு, விஷயம் லேசானது. இது தெரியாததால நம்ம மாவட்டத்துல ஒரு சின்ன ஸ்கேன் சென்டர் புது சர்வருக்குக் கொட்டேஷன் வாங்குற வரைக்கும் போயிட்டாங்க.

அவங்ககிட்ட இருந்தது உபுண்டு சர்வர், 1 டிபி டிஸ்க். ஒருநாள் காலையில படம் சேவ் ஆகல, டிஸ்க் ஃபுல். வெளியே நோயாளிகள் காத்திருக்காங்க. பாக்க வந்த ஆளு, பழைய படங்களை அழிக்கணும், இல்லன்னா புது மெஷின் வாங்கணும்னு சொல்லிட்டாரு. அப்பதான் எனக்குப் போன் வந்துச்சு. டி-எஃப் போட்டா மொத்த அளவு எவ்வளவு காட்டுதுன்னு கேட்டேன். 98 ஜிபின்னு சொன்னாங்க. 1 டிபி டிஸ்க்குல 98 ஜிபின்னா மீதி எங்க?

மீதி அங்கேயேதான் இருக்கு. உபுண்டு சர்வர் இன்ஸ்டாலர்ல எல்விஎம் டீஃபால்ட். நாம ஒண்ணும் மாத்தாம என்டர் தட்டிட்டே போனா, 200 ஜிபிக்கு மேல இருக்குற டிஸ்க்குல ரூட்டுக்கு 100 ஜிபி மட்டும் எடுத்துக்கும். 20-லிருந்து 200 ஜிபி வரைக்கும்னா பாதி. மீதியைப் பின்னால தேவைப்படும்னு சும்மா விட்டுரும். நல்ல எண்ணம்தான், ஆனா யாரும் அந்த ஸ்கிரீனைப் படிக்கிறதில்ல.

மூணு அடுக்கு

நம்ம ஊரு கணக்குல சொல்றேன். பேச்சிப்பாறை 48 அடி, பெருஞ்சாணி 77 அடின்னு தினமும் பேப்பர்ல அணை நீர்மட்டம் போடுறாங்கல்லா? அணை தனித்தனி. ஆனா கோதையாறு பாசனம்னு வரும்போது எல்லாம் ஒரே கணக்கு. தோவாளையில வயல் வச்சிருக்கவரு இது எந்த அணைத் தண்ணின்னு பிரிச்சுப் பாக்குறதில்ல. மடையில தண்ணி வருதா, அதான் கேள்வி.

எல்விஎம்மும் அப்படித்தான். டிஸ்க்கோ பார்ட்டிஷனோ, அது பிசிக்கல் வால்யூம்: அணை. எல்லாத்தையும் சேத்த மொத்த இருப்பு, வால்யூம் குரூப். அதுலேருந்து தேவைக்கு வெட்டி எடுக்குற வாய்க்கால், லாஜிக்கல் வால்யூம். ஃபைல் சிஸ்டம் அந்த வாய்க்கால் மேலதான் உக்காரும். உள்ள எல்லாம் 4 எம்பி துண்டு துண்டா கணக்கு வச்சிருக்கும், அதுக்குப் பேரு எக்ஸ்டென்ட்.

லினக்ஸுக்கு இதை 1998-ல எழுதினவரு ஹைன்ஸ் மவுல்ஸ்ஹாகன். ஹெச்பியோட யூனிக்ஸ்ல ஏற்கெனவே இருந்த டிசைனைப் பாத்து எழுதினாரு. இப்ப நாம ஓட்டுறது அதோட ரெண்டாவது தலைமுறை.

செய்முறை

முதல்ல விஜிஎஸ். கடைசிக் காலத்துல வி-ஃப்ரீன்னு ஒண்ணு இருக்கும். ஸ்கேன் சென்டர்ல அங்க 800 ஜிபிக்கு மேல காட்டிச்சு. அப்புறம் எல்வி-எக்ஸ்டெண்ட், மைனஸ் ஆர், மைனஸ் பெரிய எல், பிளஸ் 500 ஜி, அப்புறம் வால்யூமோட பாதை. அந்த மைனஸ் ஆர் முக்கியம். அது இல்லன்னா வாய்க்கால் அகலமாகும், ஃபைல் சிஸ்டத்துக்கு அது தெரியாது, டி-எஃப் பழைய கணக்கையே காட்டும். சர்வர் ஓடிட்டிருக்கும்போதே செய்யலாம், ரீபூட் வேண்டாம். அங்க ஒரு நிமிஷம்கூட ஆகல.

ஏன் முழுசையும் கொடுக்கலன்னு கேப்பீங்க. கூட்டுறது லேசு, குறைக்கிறதுதான் பாடு. இஎக்ஸ்டி4-ஐக் குறைக்கணும்னா அன்மவுண்ட் பண்ணணும்; முதல்ல ஃபைல் சிஸ்டத்தைச் சுருக்கி, அப்புறம்தான் வால்யூமைச் சுருக்கணும். மாத்திச் செஞ்சா டேட்டா போச்சு. ராக்கி லினக்ஸ் மாதிரி எக்ஸ்எஃப்எஸ் டீஃபால்ட்டா வர்றதுல குறைக்கிறதை மறந்துருங்க. அதனால தேவைக்குக் கொடுங்க, மீதி இருப்புல கிடக்கட்டும். ஸ்னாப்ஷாட் எடுக்கவும் அந்த இருப்பு வேணும்.

புது டிஸ்க் மாட்டினா: எல்எஸ்பிஎல்கே போட்டு எது புதுசுன்னு ரெண்டு தடவை பாருங்க. சந்தேகம் இருந்தா சீரியல் நம்பரை ஒத்துப் பாருங்க. பிவி-கிரியேட், அப்புறம் விஜி-எக்ஸ்டெண்ட். இருப்பு கூடிரும்.

பழைய டிஸ்க் சாகப்போற மாதிரி ஸ்மார்ட் எச்சரிக்கை வந்தா பிவி-மூவ். சர்வர் ஓடும்போதே பழைய டிஸ்க்குல இருக்குறதை எல்லாம் புதுசுக்கு நகத்திரும். மணிக்கணக்குல ஆகலாம். நடுவுல கரண்டு போனா? நம்ம ஊருல இந்தக் கேள்வி வராம இருக்காது. எதுவும் சேக்காம பிவி-மூவ்னு மட்டும் அடிச்சா விட்ட இடத்துலேருந்து தொடரும். முடிஞ்சதும் விஜி-ரெட்யூஸ் போட்டு பழைய டிஸ்க்கைக் கழட்டிரலாம். ஆனா யூபிஎஸ் இல்லாம ஆரம்பிக்காதீங்க.

அணைக் கணக்கு எங்க உதவாது

இதைக் கவனமா கேளுங்க. பெருஞ்சாணி வத்திப் போனாலும் பேச்சிப்பாறைத் தண்ணி வயலுக்கு வரும். எல்விஎம்ல அப்படி இல்ல. ஒரு லாஜிக்கல் வால்யூம் ரெண்டு டிஸ்க்குல பரவிக் கிடக்கும்போது அதுல ஒண்ணு செத்தா, அந்த ஃபைல் சிஸ்டமே உடையும். டிஸ்க் சேக்கச் சேக்க இடம் கூடுது, ஆபத்தும் சேந்து கூடுது.

அதனால ரெண்டு டிஸ்க் வாங்க வசதி இருந்தா, கீழ ரெய்டு 1, அதுக்கு மேல எல்விஎம். இடம் பாதியாகும், தூக்கம் முழுசா வரும். ரெய்டும் பேக்கப் இல்ல. ஸ்னாப்ஷாட்டும் பேக்கப் இல்ல, அது அதே டிஸ்க்குலதான் இருக்கு. ஒதுக்கின இடம் நிறைஞ்சா அதுவே செல்லாமப் போயிரும். 2017 நவம்பர் 30-ல ஓக்கி வந்தப்ப மரமும் கரண்டு கம்பமும் சாஞ்சு கிடந்ததைப் பாத்த ஊரு இது. காப்பி ஒண்ணு வேற கட்டடத்துல இருக்கணும், முடிஞ்சா வேற ஊருல.

அந்த ஸ்கேன் சென்டர் இப்ப புது சர்வர் காசுல ஒரு சின்னப் பங்கை எடுத்து ரெண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கியிருக்காங்க. வாரத்துக்கு ஒண்ணு மாத்தி மாத்தி வீட்டுக்குப் போகுது. ஒரு படம்கூட அழிக்கல.

இந்த வாரம் உங்க சர்வர்ல விஜிஎஸ் மட்டும் போட்டுப் பாருங்க. வி-ஃப்ரீல என்ன இருக்குன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல ரெய்டு 1 போடுறதைப் பாப்போம். வரட்டா மக்களே.