வன்தட்டும் ஏட்டுச்சுவடியும்



ஏட்டுச்சுவடி செல்லரித்தால் கண்ணுக்குத் தெரியும். கணிப்பொறியின் வன்தட்டு நலிவதோ பல வேளைகளில் காதுக்கே முதலில் தெரிகிறது. சுழலும் காந்தத் தட்டின்மேல், மயிரிழையினும் மிகச் சிறிய இடைவெளியில் படிப்புமுனை மிதக்கிறது. அது உராய்ந்தால் எழுத்துகளைத் தாங்கிய பூச்சே சுரண்டப்படும். ‘டிக், டிக்’ என்ற ஓசை எழுந்தபின்னும் அதனை இயக்குவது, உதிரும் ஏட்டை ஓயாது புரட்டுவதை ஒக்கும்.

2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்ணோடம் சிதறி எழுவர் மாண்டனர். டெக்சாசில் வீழ்ந்த சிதைவுகளிடையே கருகிய வன்தட்டு ஒன்று கிடைத்தது. வல்லுநர்கள் அதன் தட்டுகளைத் தூய்மை செய்து வேறொரு கருவியில் பொருத்திப் படித்தனர். ஏறத்தாழ 99 விழுக்காடு மீண்டது. அதிலிருந்த செனான் வளி ஆய்வின் முடிவு 2008இல் அச்சேறியது.

முழுதும் பழுதுறாத தட்டாயின், மீட்போர் முதற்கண் செய்வது படியெடுத்தலே. நலமான பகுதிகளை முதலில் மாற்றி, நலிந்தவற்றை இறுதியில் முயல்வர். பின்னர்த் தேடுவதெல்லாம் அப்படியில்தான்.

தமிழ்க் கவிஞர்க்கு இன்னொரு தடையும் உண்டு. ஒருங்குறி பரவுமுன் எழுத்துருக்கள் வெவ்வேறு குறியீட்டு முறைகளில் அமைந்திருந்தன. ஆதலின், மீண்ட பழங்கவிதை பொருளற்ற குறிகளாய்த் தோன்றக்கூடும். அதனைக் குப்பையென எறிந்துவிடாது, உரிய மாற்றியால் ஒருங்குறிக்குக் கொணர்தல் வேண்டும்.

சங்கப் பாடல்கள் பிழைத்தது ஓலையின் வலிமையால் அன்று. தலைமுறைதோறும் படியெடுத்த கைகளால். வன்தட்டுக்கும் அதுவே விதி. ஒரு கவிதை ஓரிடத்தில் மட்டும் இருத்தல் ஆகாது.