விலைவாசி ஏற்றமும் ஏழையின் சோறும்

(வைத்திக்குப்பத்தில் நடைபெற்ற வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் அரிசி விலையையும் பருப்பு விலையையும் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். பொருந்தும் என்பதே என் கருத்து. பசித்த வயிற்றோடு வகுப்பில் அமரும் பிள்ளைக்குப் பாடம் ஏறுவதில்லை. வீட்டில் அடுப்பு எரியாத நாளில் அந்தப் பிள்ளை வேலைக்குப் போகிறது. நம் கழகம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப இருபத்தைந்து ஆண்டுகள் பாடுபட்டது. அந்தப் பாடு வீணாகாதிருக்க வேண்டுமானால், அவர்கள் தட்டில் சோறு குறைவது ஏன் என்பதையும் நாம் அறிந்திருக்க வேண்டும்.

பசி என்றவுடன் மழை பொய்த்தது, விளைச்சல் குறைந்தது என்றுதான் நாம் எண்ணுகிறோம். வரலாறு அவ்வளவு எளிதாக இல்லை. 1943ஆம் ஆண்டு வங்கத்தில் ஏற்பட்ட பெரும் பஞ்சத்தில் சுமார் 30 லட்சம் மக்கள் மாண்டனர் என்பது பலர் ஏற்கும் மதிப்பீடு. 1942 டிசம்பரில் கல்கத்தாவில் மணங்கு 13, 14 ரூபாய்க்கு விற்ற அரிசி, 1943 ஆகஸ்டில் 37 ரூபாய்க்குச் சென்றது. பொருளியல் அறிஞர் அமர்த்திய சென் 1981ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இதனை ஆராய்ந்தார். பஞ்சம் இல்லாத 1941ஆம் ஆண்டில் இருந்ததைவிட 1943இல் வங்கத்தில் உணவு குறைவாக இல்லை என்பது அவர் கண்ட முடிவு. அங்காடியில் அரிசி இருந்தது. அதை வாங்கும் சக்தி ஏழையிடம் இல்லை. போர்க்காலச் செலவினால் நகரத்தில் பணம் பெருகியது, விலை ஏறியது, கிராமத்துக் கூலி அந்த வேகத்தில் ஏறவில்லை.

அப்பஞ்சத்தில் முதலில் வீழ்ந்தவர் யார்? நிலமற்ற உழவுக் கூலிகளும், மீனவர்களும், கைத்தொழிலாளர்களும் ஆவர். மீன் பிடித்தவனிடம் மீன் இருந்தது. ஆனால் அந்த மீனை விற்று வாங்கக்கூடிய அரிசியின் அளவு சுருங்கிவிட்டது. கடலோரத்தில் வாழும் நமக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்நாட்களில் மீன் கூடை சுமப்பவர், பனிக்கட்டி உடைப்பவர், வண்டி இழுப்பவர் எல்லோருக்கும் வருவாய் குறைகிறது. அரிசி விலை அதற்காகக் காத்திருப்பதில்லை.

இந்த உண்மையைச் சென் அவர்களுக்கும் முன்பே நம் தலைவர் ஒருவர் எடுத்துரைத்தார். டாக்டர் அம்பேத்கர் 1923ஆம் ஆண்டு ரூபாயின் சிக்கலைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ரூபாயின் மதிப்புக் குறைந்தால் ஏற்றுமதி பெருகும், அது நாட்டிற்கே இலாபம் என்று பலர் வாதிட்ட காலம் அது. அந்த இலாபம் யாரிடமிருந்து வருகிறது என்று அம்பேத்கர் கேட்டார். விலை ஏறும் வேகத்தில் கூலி ஏறுவதில்லை. ஆகவே ஒரு சாரார் பெறும் இலாபம் உழைப்பாளியின் கூலியிலிருந்து கழிக்கப்பட்டதே என்று அவர் விளக்கினார். சட்டமேதை என்று மட்டும் அவரை அறிந்திருக்கும் இளைஞர்கள், பொருளியல் அறிஞராகவும் அவரைப் படிக்க வேண்டும்.

விலை ஏற்றம் வீட்டுக்குள் எப்படி நுழைகிறது என்பதைப் பார்ப்போம். வசதி உள்ளவர் தம் வருவாயில் சிறு பகுதியையே உணவுக்குச் செலவிடுகிறார். ஏழை பெரும்பகுதியை அதற்கே செலவிடுகிறார். எனவே ஒரே விலை ஏற்றம் ஒருவருக்குச் சிறு தொல்லை; மற்றவருக்குப் பட்டினி. அப்பட்டினியும் ஒரே நாளில் வருவதில்லை. முதலில் முட்டையும் பாலும் நிற்கின்றன. பிறகு பருப்பு மெலிகிறது, காய்கறி குறைகிறது. 2015ஆம் ஆண்டு துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது. 2023 ஜூலையில் தக்காளி 100 ரூபாயைத் தாண்டியது. அந்த நாட்களில் பல வீடுகளில் வயிறு நிறைந்தது. ஆனால் சோறு மட்டுமே நிறைந்தது. எல்லோரும் உண்ட பின் மிச்சத்தை உண்பவள் தாய். ஆகவே குறைவு முதலில் அவள் உடம்பில் தங்குகிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. நம் புதுவையிலும் அது பாதிக்கு மேல்தான். இரத்தம் குறைந்த தாய்க்கு எடை குறைந்த குழந்தை பிறக்கிறது. இவ்வாறு ஓராண்டின் விலை ஏற்றம் அடுத்த தலைமுறையின் உடலில் எழுதப்படுகிறது.

இது நம் நாட்டுக் கதை மட்டுமன்று. 2008ஆம் ஆண்டு தொடக்கத்தில் டன் 400 டாலருக்கும் குறைவாக இருந்த தாய்லாந்து அரிசி, சில மாதங்களில் 1000 டாலரை எட்டியது. அவ்வாண்டு உலகில் நெல் விளைச்சல் பொய்த்துவிடவில்லை. இந்தியாவும் வியட்நாமும் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தின, வாங்கும் நாடுகள் அச்சத்தில் போட்டியிட்டன, விலை பறந்தது. ஹைட்டி நாட்டில் பசித்த மக்கள் தெருவில் இறங்கினர். அந்நாட்டுப் பிரதமர் பதவி இழந்தார். 2022இல் ருசியா உக்ரைன் மீது போர் தொடுத்த பின், அவ்வாண்டு மார்ச் மாதத்தில் உலக உணவு விலைக் குறியீடு அதுவரை காணாத உயரத்தை அடைந்தது. அண்டையிலுள்ள இலங்கையில் அதே ஆண்டு செப்டம்பரில் உணவுப் பொருட்களின் விலை முந்திய ஆண்டைவிட 90 விழுக்காட்டுக்கு மேல் ஏறியிருந்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு படகேறி இராமேசுவரம் கரைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களை நாம் அறிவோம். உலகில் 2023ஆம் ஆண்டு சுமார் 73 கோடிப் பேர் பசியால் வாடினர் என்று ஐ.நா. அமைப்புகள் மதிப்பிட்டன.

இனி நம் புதுவைக்கு வருவோம். 2015 செப்டம்பரில் சண்டிகர், புதுவை ஆகிய ஒன்றியப் பகுதிகளில் ரேஷன் அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் செலுத்தும் முறையை மத்திய அரசு கொண்டு வந்தது. புதுவை அரசு தன் செலவில் வழங்கிவந்த இலவச அரிசியும் பின்னர்ப் பணமாக மாறியது. அரிசியா பணமா என்பதில் அன்றைய முதலமைச்சர் நாராயணசாமி அவர்களுக்கும் துணைநிலை ஆளுநர் கிரண்பேடி அவர்களுக்கும் கருத்து வேறுபாடு எழுந்து, வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. 2020இல் தீர்ப்பு பணத்தின் பக்கமே அமைந்தது. நியாயவிலைக் கடைகள் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தன. 2024 அக்டோபரில், தீபாவளியை ஒட்டி, 10 கிலோ அரிசியும் 2 கிலோ சர்க்கரையும் இலவசமாக வழங்கி அவை மீண்டும் திறக்கப்பட்டன.

பணத்தை ஆதரித்தோர் கூறிய காரணங்களை நாம் ஒதுக்கிவிடக் கூடாது. கடையில் கிடைத்த அரிசி சில வேளை உண்ணத் தகாததாக இருந்தது. எடை குறைந்தது. கூலி வேலையை விட்டு வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. பணம் கையில் இருந்தால் விரும்பிய அரிசியை வாங்கலாம் என்றனர். இம்முறையை ஆய்ந்த அறிஞர்கள், காலம் செல்லச் செல்லப் பணத்தை விரும்பியோர் தொகை கூடியதையும் கண்டனர். ஆனால் அவர்களே மற்றொன்றையும் கண்டனர். முன்பு கடையில் பெற்ற அதே அளவு தானியத்தை வெளியங்காடியில் வாங்க, அரசு தந்த பணத்திற்கு மேல் மக்கள் தம் கைப்பணத்தையும் போட வேண்டியிருந்தது.

இங்கேதான் நாம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒரு குடும்பத்திற்கு மாதம் 600 ரூபாய் வருகிறது என்று கொள்வோம். கிலோ 30 ரூபாயானால் 20 கிலோ அரிசி கிடைக்கும். விலை 40 ஆனால் 15 கிலோ. 50 ஆனால் 12 கிலோ. தாளில் உள்ள தொகை மாறவில்லை. பானையில் உள்ள சோறு மாறிவிட்டது. கடையில் தரும் 20 கிலோ அரிசியோ, விலை எவ்வளவு ஏறினாலும் 20 கிலோவாகவே இருக்கும். அரசு ஊழியருக்கு விலைவாசி ஏறும்போது அகவிலைப்படி ஏறுகிறது. அது நியாயமே. ஆனால் ஏழைக்குத் தரும் அரிசிப் பணத்திற்கு மட்டும் அங்காடி விலையோடு சேர்ந்து ஏறும் ஏற்பாடு ஏன் இல்லை? பணமாகத் தருவதானால் அகவிலைப்படியைப் போல் அதுவும் ஏற வேண்டும். அது இயலாதென்றால் அரிசியாகவே தரவேண்டும். இதுவே நாம் கேட்க வேண்டிய நியாயம்.

இளைஞர்களே! நீங்கள் செய்யத்தக்க பணிகள் மூன்றினைச் சொல்லி என் உரையை முடிக்கிறேன்.

முதலாவது, கணக்கு எழுதுங்கள். மாதந்தோறும் அரிசி, பருப்பு, எண்ணெய், முட்டை ஆகியவற்றின் விலையையும், நம் தெருவில் கிடைக்கும் நாட்கூலியையும் ஒரே ஏட்டில் எழுதி வாருங்கள். நம் மாலை வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பயனுள்ள கணக்குப் பாடம் இல்லை. ஓராண்டுக் கணக்கோடு செல்லும் விண்ணப்பத்தை எந்த அதிகாரியும் எளிதில் தள்ளிவிட முடியாது.

இரண்டாவது, சட்டத்தைப் படியுங்கள். 2013ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் முன்னுரிமைக் குடும்பத்தில் ஆளுக்கு மாதம் 5 கிலோவும், அந்தியோதயா குடும்பத்திற்கு 35 கிலோவும் உரிமையாக்கியுள்ளது. 2023 ஜனவரி முதல் அது விலையில்லாத் தானியம். கடையைக் கண்காணிக்கும் குழுக்களில் தாழ்த்தப்பட்டோருக்கும் பெண்களுக்கும் இடம் தரவேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. அந்த இடத்தில் நம்மவர் அமர வேண்டும். அரிசி கெட்டிருந்தால், எடை குறைந்திருந்தால் அங்கே கேட்க வேண்டும். கடை ஒழுங்காக நடந்தால், கடையே வேண்டாம் என்று சொல்ல எவருக்கும் காரணம் கிடைக்காது.

மூன்றாவது, பள்ளி உணவைக் காத்துக்கொள்ளுங்கள். நம் புதுவையில் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில், 1930ஆம் ஆண்டிலேயே, மதிய உணவு தொடங்கியது. 2001இல் உச்சநீதிமன்றம் நாடு முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு வழங்க ஆணையிட்டது. 2004இல் சமையல் பணியில் தாழ்த்தப்பட்டோருக்கு முன்னுரிமை தரவேண்டும் என்றும் ஆணையிட்டது. வெளியே முட்டை விலை ஏறினாலும் பிள்ளையின் தட்டில் முட்டை குறையாத இடம் பள்ளிக்கூடம். நம் கையால் சமைத்த உணவை எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து உண்ணும் இடமும் அதுவே. அங்கே ஒரு முட்டை குறைந்தாலும், பந்தியில் ஒரு பிள்ளையைத் தள்ளி உட்கார வைத்தாலும், கேட்கும் முதல் குரல் நம் கழகத்தின் குரலாக இருக்கட்டும்.

அங்காடி விலையை நாம் ஒருவராக நின்று இறக்கிவிட முடியாது. ஆனால் விலை ஏறும்போது நம் பிள்ளையின் தட்டில் கைவைக்க விடாமல் காக்க முடியும். அதற்குப் படிப்பு வேண்டும், கணக்கு வேண்டும், ஒற்றுமை வேண்டும். இம்மூன்றையும் வளர்க்கவே இக்கழகம் தோன்றியது. பொன் விழாக் காணும் நாளில், பசியால் படிப்பை நிறுத்திய பிள்ளை ஒன்றுகூட இப்பகுதியில் இல்லை என்று நம் ஏடு சொல்லட்டும்.