கடலாடும் பிள்ளைகளும் கரையில் நிற்போரும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



பத்தாண்டுகள் ஓர் இலக்கிய வட்டம் இடையறாது கூடி வருதல் எளிய செயல் அன்று. கூட்டத்திற்கு நால்வரே வந்த மாலைகளும் உண்டு. இருக்கை போதாமல் திண்ணையில் அமர்ந்து கேட்ட மாலைகளும் உண்டு. அத்தகைய வட்டத்தின் நிறைவு விழாவில் பேசுவதற்கு நீர்விளையாட்டும் வேகப்போட்டியும் பொருளாக அமைந்திருப்பது சிலருக்கு வியப்பளிக்கக் கூடும். கோவளத்துக் கடற்கரையில் கால் நூற்றாண்டிற்குள் நிகழ்ந்துவிட்ட ஒரு மாற்றம், கடலைப் பாடும் கவிஞர்கள் கருதத்தக்கது என்பதே இத்தேர்விற்குக் காரணம்.

தொல்காப்பியம் நெய்தலுக்கு வருணனைத் தெய்வமாகவும், எற்பாட்டைப் பொழுதாகவும் வகுத்தது. அத்திணையின் உரிப்பொருள் இரங்கல். மாலை மயங்கும், புன்னை நிழல் நீளும், கடல்மேற் சென்றவன் வரவு நோக்கித் தலைவி கரையில் நிற்பாள். இவ்வோவியம் தமிழ்க் கவிதையின் உள்ளத்தில் ஆழப் பதிந்துவிட்டது. இன்றும் மீனவரைப் பற்றிக் கவிதை எழுத அமர்பவரின் எழுதுகோல் தானே கண்ணீரை நாடிச் செல்கிறது. அக்கண்ணீர் பொய்யன்று, 2004 டிசம்பர் 26ஆம் நாளைக் கண்டவர் எவரும் அதைப் பொய் என்னார். ஆயினும் சங்கச் சான்றோர் கண்ட நெய்தல் கண்ணீர் மட்டுமே ஆனதன்று.

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலையை நினைவுகூர்தல் வேண்டும். முழுமதி நாளில் பரதவர் கடலுக்குச் செல்வதில்லை. சுறாவின் கொம்பை நட்டுத் தெய்வம் பரவுகின்றனர், தாழை மலர் சூடுகின்றனர், உண்டு களிக்கின்றனர். நண்டை ஆட்டியும், அலையில் புரண்டும், மணலில் பாவை செய்தும் பகல் முழுதும் விளையாடுகின்றனர். தொழிலுக்குரிய கடல் அன்று ஒருநாள் ஆட்டத்திற்குரிய கடலாகிறது. அவ்விளையாட்டில் மகளிரும் சிறுவரும் ஒருங்கே இருந்தனர். சிற்றில் இழைத்தலும் கடலாடுதலும் நெய்தல் நில மகளிரின் வாழ்வில் இயல்பாக இடம்பெற்றிருந்தன என்பதற்குச் சங்கப் பாடல்கள் பல சான்று தருகின்றன.

குறுந்தொகைப் பாட்டொன்றில் ஒரு மீனவக் குடும்பம் முழுமையாகக் காட்சி தருகிறது. சுறா தாக்கிய புண் ஆறியதும் தந்தை மீண்டும் கடலுக்குப் போய்விட்டான். தாய் உப்பை மாற்றி நெல் கொணர உப்பளத்திற்குப் போயிருக்கிறாள். வீட்டில் தனித்திருக்கும் மகள் காதலனுக்குச் செய்தி அனுப்ப வழி தேடுகிறாள். புண் ஆறியவுடன் கடலேறும் தந்தையின் துணிவு அங்கே வியந்து போற்றப்படவில்லை. அது அக்குடும்பத்தின் அன்றாடச் செய்தி. கடலோரக் குடும்பம் ஆபத்தோடு குடித்தனம் நடத்தும் முறை அது.

கோவளத்தின் நேற்றைய கதையும் இத்தகையதே. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்டெண்டுக் கம்பெனியார் அங்கே வாணிக நிலையம் அமைத்தனர். பின்னர் நவாபின் கோட்டை எழுந்தது. பிரெஞ்சுக்காரர் அதைக் கைப்பற்றினர். 1752இல் கிளைவு அதை வீழ்த்தினான். கொடிகள் மாறின. மாறாது நின்றவர் கட்டுமரக்காரர். இன்று கார்மேல் மாதா ஆலயமும், தமீம் அன்சாரி தர்காவும், மீனவர் கோயில்களும் ஒரே உப்புக்காற்றில் நிற்கும் ஊர் அது.

செயற்கைத் துறைமுகம் அமையும் முன் சென்னைக் கடற்கரையில் கப்பலுக்கும் கரைக்கும் இடையே உடைந்து விழும் அலைகளைக் கடக்க வல்லவர் கட்டுமரக்காரரும் மசுலாப் படகோட்டிகளுமே. கட்டுமரக்காரர் தம் தலைக்குல்லாயில் கடிதங்களை நனையாமல் வைத்துக்கொண்டு அலையேறிக் கப்பலுக்குக் கொண்டு சேர்த்ததைப் பழைய பயண நூல்கள் வியந்து எழுதியுள்ளன. அலையின் முதுகில் ஏறிக் கரைசேரும் கலை இக்கரைக்குப் புதிதன்று. அது பிழைப்பின் பகுதியாக இருந்தமையால் அதற்கு விளையாட்டு என்று எவரும் பெயரிடவில்லை.

கட்டுமரம் என்ற சொல்லின் பயணம் தனிக்கதை. 1697இல் வெளிவந்த தம் பயண நூலில் வில்லியம் டாம்பியர் இச்சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைக் குறித்தார். பின்னாளில் இரட்டைக்கூடு கொண்ட விரைவுப் பாய்மரக் கலத்திற்கு மேலை நாட்டார் அச்சொல்லைச் சூட்டினர். அக்கலத்தின் அமைப்பிற்கு முன்னோடி பசிபிக் தீவினரின் இரட்டைத் தோணி. தமிழ்க் கரையிலிருந்து சென்றது பெயரே. 1876இல் அமெரிக்கரான நத்தானியேல் ஹெரெஷாஃப் தாம் கட்டிய 'அமரில்லிஸ்' என்னும் இரட்டைக்கூட்டுக் கலத்தை நியூயார்க்குப் போட்டியில் ஓட்டி ஏனைய கலங்களை முந்தினார். தோற்றவர்கள் முறையிட, அது தகுதியற்ற கலம் என்று விலக்கப்பட்டது. இன்று அப்பெயர் தாங்கிய கலங்கள் பெருஞ்செல்வரின் போட்டிகளில் ஓடுகின்றன. அப்பெயரை ஈன்ற குடியினர் அவற்றைத் தொலைக்காட்சியில் பார்க்கின்றனர்.

மேலைநாட்டு நீர்ப்போட்டிகளுள் மிகு வேகம் வாய்ந்தது ஹைட்ரோபிளேன் என்னும் விசைப்படகின் போட்டி. சாதாரணப் படகு நீரைக் கிழித்துச் செல்லும். ஹைட்ரோபிளேன் வேகம் கூடக்கூட நீரிலிருந்து எழும்பி, முன்புறத்து இரு மிதவைகளின் நுனியும் பின்புறத்துச் சுழல்விசிறியும் மட்டும் நீரைத் தொட, ஏறத்தாழப் பறந்து செல்லும். மூன்று இடங்களில் நீரைத் தொட்டு நிற்கும் அந்நிலை சிறிது பிறழினும் காற்று அடியிற் புகுந்து படகைப் புரட்டிவிடும்.

அவ்விளையாட்டைக் கேள்வியுற்றவர் நெஞ்சில் நிற்கும் குடும்பம் இங்கிலாந்தின் கேம்பெல் குடும்பம். தந்தை மால்கம் கேம்பெல் 1939இல் நீர்மேல் வேகச் சாதனை படைத்தார். மகன் டொனால்டு கேம்பெல் தந்தையின் சாதனையைக் கடந்து, மணிக்கு 300 மைலை எட்ட விழைந்தார். 1967 ஜனவரி 4ஆம் நாள் கானிஸ்டன் ஏரியில் அவருடைய 'புளூபேர்டு' எழும்பிப் புரண்டு நீரில் மூழ்கியது. அவர் உடல் 2001ஆம் ஆண்டுதான் கிடைத்தது. இதற்கிடையே அவர் மகள் ஜீனா 1984இல் நீர்மேல் வேகத்தில் மகளிர்க்கான சாதனையை நிகழ்த்தினார். தந்தையை விழுங்கிய நீரின்மீது மகள் படகேறினாள். சுறாப்புண் ஆறியவுடன் கடல்புக்க குறுந்தொகைத் தந்தை இங்கே நினைவுக்கு வருகிறான் அல்லவா?

மற்றொரு செய்தி அமெரிக்காவின் ஒஹையோ ஆற்றங்கரையில் உள்ள மாடிசன் என்னும் சிற்றூரைப் பற்றியது. பெருநிறுவனங்கள் பொருள் கொட்டி நடத்தும் போட்டியில் அவ்வூரார் தம் ஊருக்கே சொந்தமாக ஒரு ஹைட்ரோபிளேன் படகை வைத்திருந்தனர். 1961 முதல் 'மிஸ் மாடிசன்' என்ற பெயருடன் அது ஓடியது. 1971 ஜூலை 4 அன்று தம் ஊர் ஆற்றிலேயே நடந்த தங்கக் கோப்பைப் போட்டியில் அப்படகு வென்றது. படகு ஒன்று, ஓட்டியவர் ஒருவர், வென்றதோ ஓர் ஊர்.

ஹைட்ரோபிளேன் இத்தமிழ்க் கரையின் விளையாட்டு ஆகவில்லை. அதற்கு வேண்டிய பொருட்செலவே காரணம் எனலாம். அண்டை மாநிலத்தில் 2018 நவம்பரில் விசைப்படகு உலகப் போட்டியின் ஒரு சுற்று கிருஷ்ணை ஆற்றில் நடந்தேறியது. வந்த படகுகள் திரும்பிச் சென்றன. ஆயினும் வேகத்தால் நீரின்மேல் எழும்பி வழுக்கும் அதே நியதியில், இயந்திரம் இன்றி, அலையின் விசையையே பெற்று ஓடுவது அலைச்சறுக்குப் பலகை. அது கோவளத்தில் வேர் கொண்டது. மாடிசன் நகரத்தார் படகைத் தமதாக்கியது போலக் கோவளத்துக் குப்பம் அப்பலகையைத் தமதாக்கிக்கொண்டது.

அதற்கு வித்திட்டவர் மூர்த்தி மேகவன் என்னும் மீனவர். பள்ளிப் படிப்பை இடையில் விட்டுக் கடலுக்குச் சென்றவர். சிறுவயதில் மரப்பலகையை மார்பில் அணைத்து அலையேறி விளையாடியவர். வெளிநாட்டார் ஒருவரின் சறுக்குப் பலகையை இரவல் பெற்று நின்ற நாளில் தாம் அறிந்த அலையையே புதிதாகக் கண்டார். பின்னர்த் தொழிலதிபர் அருண் வாசுவின் துணையுடன் 2012இல் அங்கே அலைச்சறுக்குப் பள்ளி உருவாயிற்று. குப்பத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை, நிபந்தனை உண்டு. பள்ளிக்கூடம் போக வேண்டும்; குடியும் புகையும் கூடாது. 2013 முதல் சில ஆண்டுகள் அக்கரையில் நடந்த அலைவிழாவிற்குத் தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் வீரர் ஜான்டி ரோட்சும் வந்து பிள்ளைகளோடு அலையாடினார்.

அந்நிபந்தனையின் எடையைக் குடும்பம் என்னும் தராசில் நிறுத்துப் பார்க்க வேண்டும். விடியலுக்கு முன் வலையோடு செல்லும் தந்தையும், மீன்கூடை சுமந்து தெருத்தெருவாகச் செல்லும் தாயும் உள்ள வீட்டில் மகன் பள்ளிக்குப் போகிறானா என்று பார்ப்பவர் யார்? குடி எத்தனை வீடுகளின் அடுப்பை அணைத்திருக்கிறது என்பதைக் கடற்கரைத் தாய்மார் அறிவர். 'குடித்தால் பலகை இல்லை' என்று ஊர்க்காரர் ஒருவரே சொன்னபோது, தாயின் அறிவுரையால் ஆகாதது பலகையால் ஆயிற்று. அலைச்சறுக்குப் பழகியவருள் சிலர் பயிற்சியாளர் ஆயினர். நின்றபடி துடுப்பு வலிக்கும் பலகைப் போட்டியில் கோவளத்தின் சேகர் பச்சை தேசிய அளவில் வென்றார்.

எனினும் தாயின் அச்சம் அத்தனை எளிதில் அகல்வதன்று. ஆழிப்பேரலையின்போது கடல் வீட்டுக்குள் வந்ததைக் கண்டவள் அவள். நிவாரணமாக வந்த கண்ணாடியிழைப் படகுகள் கட்டுமரங்களின் இடத்தைப் பிடித்தன. பறிபோன நம்பிக்கையை எவரும் நிவாரணமாகத் தர இயலவில்லை. அதே கடலுக்கு, மீனுக்காகக் கூட இன்றி ஆட்டத்திற்காகப் பிள்ளையை அனுப்ப வேண்டுமாயின் அவள் மனத்தில் எத்தனை போராட்டம் நிகழ்ந்திருக்கும்!

பெண் குழந்தையாயின் அப்போராட்டம் இருமடங்கு. பரதவர் மகளிர் கடலாடினர் என்று சங்கப்பாட்டு சொல்கிறது. பின்வந்த நூற்றாண்டுகள் கரையை மட்டுமே பெண்ணுக்கு விட்டுவைத்தன. மாமல்லபுரத்தில் மீனவர் குடும்பத்துச் சிறுமி கமலி சக்கரப் பலகையிலும் அலைப்பலகையிலும் ஏறி நின்றபோது, ஊர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் முகம் கொடுத்தவள் தனித்து நின்று மகளை வளர்த்த தாய். அவ்விருவரையும் பற்றிய 'கமலி' என்னும் குறும்படம் 2019இல் வெளிவந்து, 2020இல் பிரித்தானியத் திரைப்பட விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அச்சிறுமி வளர்ந்து தேசிய அலைச்சறுக்குப் போட்டிகளில் மகளிர் பிரிவில் வெற்றி கண்டாள். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி அதே மாமல்லபுரத்தில் நடைபெற்றது. அதில் ரமேஷ் புதிஹால் பெற்ற வெண்கலம் அப்போட்டியில் இந்தியர் ஒருவர் தனிப்பிரிவில் வென்ற முதற்பதக்கம். அவர் அலை பழகியது கேரளத்துக் கோவளத்தில் என்பதும் ஓர் இனிய ஒற்றுமை.

இவ்வளவும் மகிழ்ச்சிக்குரிய செய்திகள். எனினும் மகிழ்ச்சியை மட்டும் சொல்லி அமைதல் நேர்மையாகாது. 2021இல் கோவளத்துக் கடற்கரையின் ஒரு பகுதி தூய்மைக்குரிய நீலக்கொடிச் சான்று பெற்றது. கரை தூய்மையாதல் நன்று. ஆயினும் கரைக்கு விருந்தினர் பெருகப் பெருக நிலத்தின் விலையும் ஏறும். வலை உலர்த்தவும் படகு ஏற்றவும் மீன் காயவைக்கவும் வேண்டிய மணல், பார்ப்போர் கண்ணுக்கு வெறும் இடமாகத் தோன்றும். கட்டுமரத்தின் பெயர் உலகெங்கும் சென்று, கட்டுமரக்காரர் கரையிலேயே நின்றுவிட்டது போல, அலையும் ஒருநாள் பிறர்க்கு உரியதாகிவிடுமோ என்ற ஐயம் அங்குள்ள முதியவர்க்கு எழுமாயின் அதைப் பழமைவாதம் என்று தள்ளுதல் ஆகாது. விளையாட்டு ஊராரின் கையில் இருக்கும் வரையில்தான் அது மாடிசனின் படகு. கை மாறினால் ஊரார் வாடகைப் பலகை சுமக்கும் கூலிகள் ஆவர்.

கவிஞர் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோளுடன் இவ்வுரை நிறைவுறுகிறது. மீனவர் வாழ்வைப் பாடும்போது அவர்தம் துயரோடு அவர்தம் ஆட்டத்தையும் பாடுக. துயரை மட்டுமே பாடினால் அவர்கள் இரக்கத்திற்கு உரியவராக மட்டுமே எஞ்சுவர். ஆட்டத்தை மட்டுமே பாடினால் அது சுற்றுலாத் துறையின் விளம்பரமாக முடியும். உருத்திரங்கண்ணனார் இரண்டையும் ஒரே கரையில் கண்டார். குறுந்தொகைப் புலவர் ஒரு வீட்டிலேயே கண்டார்.

கோவளத்தில் விடியற்காலையில் நிற்பவர் ஒரு காட்சியைக் காணலாம். இரவு வலைக்குச் சென்ற படகுகள் கரையை நோக்கித் திரும்பும் வேளையில், பலகையோடு பிள்ளைகள் கடலுக்குள் இறங்குகின்றனர். உடைந்து விழும் அலையருகே இருவரும் ஒருவரையொருவர் கடக்கின்றனர். படகிலிருப்பவன் தந்தையாகவும், பலகையிலிருப்பது மகளாகவும் இருக்கக் கூடும். கரையில் மீன்கூடையோடு நிற்கும் தாய் ஒரே பார்வையில் இருவரையும் தேடுகிறாள். அப்பார்வைக்கு இரங்கல் என்ற பெயர் மட்டும் போதுமா என்பதை இவ்வட்டத்தின் கவிஞர்கள் தம் அடுத்த பத்தாண்டுப் பாடல்களில் சொல்வார்களாக.